ஆர்எஸ்வி வைரஸை முடக்கச் செல்லின் வளர்சிதை மாற்றத்தைத் தடுக்கும் மருந்து: ஆய்வகத்தில் சோதிப்பது எப்படி?

வைரஸுக்குச் சொந்தமாக உலையும் கிடையாது, அரிசியும் கிடையாது. ஆர்என்ஏவை நகலெடுக்க நியூக்ளியோடைடு, புரதத்துக்கு அமினோ அமிலம், மேலுறைக்குக் கொழுப்பு, உறைப்புரதங்களில் ஒட்டவேண்டிய சர்க்கரைச் சங்கிலி, எல்லாவற்றுக்கும் எரிபொருளாக ஏடிபி என அத்தனையையும் புகுந்த செல்லிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அந்த வரத்து வழியை அடைத்தால் வைரஸ் பெருகாது என்பதே இந்தச் சிகிச்சை முறையின் அடிப்படை. வைரஸ் தன் புரதத்தை எவ்வளவு மாற்றிக்கொண்டாலும் செல்லின் என்சைமை மாற்ற முடியாது. ஆகவே மருந்து எதிர்ப்பு எளிதில் தோன்றாது. ஒரே மருந்து பல வைரஸ்களுக்குப் பயன்படவும் வாய்ப்புண்டு.

இந்தத் துறையில் ஏமாறுவதும் எளிது. செல்லைப் பட்டினி போட்டால் செல்லும் வாடும். வாடிய செல்லில் எந்த வைரஸும் குறைவாகத்தான் வளரும். குறிவைத்த பாதை அடைபட்டதால் வைரஸ் குறைந்ததா, செல் நலிந்ததால் குறைந்ததா என்று பிரித்துக் காட்டாத வரை எவ்வளவு அழகான வரைபடத்துக்கும் மதிப்பில்லை. கீழே சொல்லும் வேலைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு கேள்விக்கானவை.

எடுத்துக்காட்டாக ஆர்எஸ்வி ஏ2 வகையையும், ஏ549 என்ற நுரையீரல் புற்றுச் செல்லையும் எடுத்துக்கொள்வோம். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் கடும் மூச்சுக்குழல் அழற்சி தரும் ஆர்எஸ்வியை உயிர்ப்பாதுகாப்பு இரண்டாம் நிலை ஆய்வகத்திலேயே கையாளலாம். நிறுவனத்தின் உயிர்ப்பாதுகாப்புக் குழு அனுமதி, சான்று காலாவதியாகாத இரண்டாம் வகுப்பு ஹூட், பயிற்சி பெற்ற கைகள் மூன்றும் இருந்தால் மட்டும் தொடங்குங்கள். இதில் வரும் அளவுகள் பிளேட்டின் சிறு குழிகளில் (வெல்) வளரும் செல்லுக்கானவை. ஆய்வக வேதிப்பொருளை யாரும் மருந்தாக உட்கொள்ளக் கூடாது.

எந்தப் பாதையை அடைப்பது

மூன்று மருந்துகளோடு தொடங்குவது நல்லது. மூன்றும் வெவ்வேறு வாசலை அடைக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அடைத்ததைத் திறந்துகாட்டும் சாவியும் உண்டு: அதைக் கொடுத்ததும் வைரஸ் மீண்டும் பெருகினால் (இதுவே மீட்பு), குறைந்தது அந்த அடைப்பால்தான்.

முதலாவது 2-டிஆக்ஸி-டி-குளுக்கோஸ், சுருக்கமாக 2-டிஜி. குளுக்கோஸின் இரண்டாவது கார்பனில் இருக்கவேண்டிய ஹைட்ராக்சில் இதில் இல்லை. குளுக்கோஸ் நுழையும் அதே வாசலில் நுழைகிறது. ஹெக்ஸோகைனேஸ் அதன்மேல் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அடுத்த படிக்கு மட்டும் போக முடியாமல் செல்லுக்குள் தேங்குகிறது. குளுக்கோஸை உடைத்து ஆற்றல் எடுக்கும் கிளைக்காலிசிஸ் மந்தமாகிறது. பலர் மறந்துவிடும் இரண்டாவது வேலையும் இதற்கு உண்டு. மேனோஸைப் போலவும் நடித்துப் புரதங்களில் சர்க்கரைச் சங்கிலி ஏறுவதைக் கெடுக்கிறது. ஆர்எஸ்வியின் எஃப், ஜி என்ற இரு உறைப்புரதங்களும் அந்தச் சங்கிலிகளைச் சுமப்பவை. எனவே 2-டிஜி வேலை செய்தால், எந்த வழியில் செய்தது என்பதைத் தனியே நிரூபிக்க வேண்டும். சர்க்கரைச் சங்கிலி வழிக்குச் சாவி: மேனோஸ். வைரஸுக்கு எதிராக இதைச் சோதிப்பது புதிதல்ல: எட்வின் கில்போர்ன் 1959லேயே இன்ஃப்ளூயன்சா பெருக்கத்தை இது தடுப்பதைக் காட்டியிருக்கிறார்.

இரண்டாவது பிரிக்வினார். மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் இருக்கும் டிஹெச்ஓடிஹெச் என்ற என்சைமை அடைக்கிறது. பைரிமிடினைப் புதிதாகத் தயாரிக்கும் பாதையின் நான்காவது படி இது. அடைத்தால் ஆர்என்ஏவுக்கு வேண்டிய யூடிபி, சிடிபி என்ற பைரிமிடின் நியூக்ளியோடைடுகள் வற்றும். சாவி: யூரிடின்.

மூன்றாவது மைகோஃபினாலிக் அமிலம். ஐஎம்பிடிஹெச் என்ற என்சைமை அடைத்து ஜிடிபி என்ற இன்னொரு நியூக்ளியோடைடை வற்றச் செய்கிறது. சாவி: குவானோசின். ஆர்எஸ்விக்கு மூச்சுவழி மருந்தாக 1980களில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரிபாவிரினும் ஓரளவு இதே என்சைமைத் தொடுகிறது. அதனால் ரிபாவிரினை மட்டும் ஒப்பீட்டு மருந்தாக வைக்காதீர்கள். வைரஸை நேரடியாகத் தாக்கும் ஒன்று, எடுத்துக்காட்டாக எஃப் புரதத்தைப் பிடிக்கும் பாலிவிசுமாப் ஆன்டிபாடி, கட்டாயம் வேண்டும். அது வேலை செய்தால் உங்கள் சோதனை அமைப்பு சரி என்று அர்த்தம்.

ஸ்டேட்டின், கொழுப்பு அமிலத் தயாரிப்பைத் தடுக்கும் மருந்துகள், மெட்ஃபார்மின் போன்றவற்றையும் இதே முறையில் சோதிக்கலாம். மெட்ஃபார்மினுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: ஏ549 செல்லில் எல்கேபி1 என்ற மரபணு பழுதாகிவிட்டது. ஆற்றல் குறையும்போது ஏஎம்பிகே என்ற ஆற்றல் காவல் என்சைமைத் தட்டி எழுப்புவது எல்கேபி1தான். அது இல்லாத செல்லில் மெட்ஃபார்மின் வேலை செய்யவில்லை என்றால் குறை மருந்தில் என்று சொல்லிவிட முடியாது.

மீடியம்: முதல் தவறு இங்கேதான்

பெரும்பாலான ஆய்வகங்களில் செல் வளர்க்கும் திரவமான (மீடியம்) டிஎம்இஎம் என்றாலே அதிகக் குளுக்கோஸ் வகைதான் அலமாரியில் இருக்கும். அதில் குளுக்கோஸ் 25 மில்லிமோலார். மனித இரத்தத்தில் சுமார் 5 மில்லிமோலார். மூச்சுக்குழாயின் மேற்பரப்பு நீரில் அதையும்விடப் பன்னிரண்டு மடங்கு குறைவு. 2-டிஜி குளுக்கோஸோடு போட்டியிடும் பொருள் என்பதால், 25 மில்லிமோலாரில் பலனளிக்காத அளவு 5.5 மில்லிமோலாரில் நன்றாகப் பலனளிக்கும். இருவேறு ஆய்வகங்களின் முடிவுகள் ஒத்துப்போகாததற்குப் பல நேரம் இதுவே காரணம். லிட்டருக்கு 1 கிராம் குளுக்கோஸ் உள்ள டிஎம்இஎம் வாங்குங்கள். அதில் 48 மணி நேரத்துக்குள் குளுக்கோஸ் தீர்ந்துவிடக்கூடும். குளுக்கோமீட்டரை நம்பாமல் என்சைம் கிட்டில் அளந்து பாருங்கள்.

அடுத்தது சீரம். கன்றுச் சீரத்தில் யூரிடினும் ஹைப்போசாந்தினும் கலந்தே வருகின்றன. நீங்கள் ஒரு கையால் பைரிமிடினை அடைக்க, சீரம் மறு கையால் ஊட்டிக்கொண்டிருக்கும். 10,000 டால்டன் அளவில் டயலிசிஸ் செய்த சீரத்தையே 2 சதவீதத்தில் பயன்படுத்துங்கள். செல் வளர்க்கும் நாட்களில் சாதாரணச் சீரம் போதும். மருந்து சேர்க்கும் நேரத்தில் மாற்றினால் போதுமானது.

மைகோபிளாஸ்மா சோதனையை ஒவ்வொரு புதுக் குப்பி செல்லுக்கும் பிசிஆரில் செய்யுங்கள். இந்த வேலையில் அது வழக்கத்தைவிடப் பெரிய தொல்லை. மைகோபிளாஸ்மாவின் சொந்த என்சைம்கள் நியூக்ளியோசைடுகளை உடைத்துவிடும். நீங்கள் கொடுத்த யூரிடின் செல்லுக்குப் போய்ச் சேராது. மீட்பு நடக்கவில்லையே என்று மருந்தின் மேல் சந்தேகப்படுவீர்கள்.

ஸ்டாக் தயாரிப்பு

2-டிஜி (மூலக்கூறு எடை 164.16): 1.64 கிராமை 10 மி.லி. நீரில் கரைத்தால் 1 மோலார். 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, சிறு சிறு பங்காக மைனஸ் 20ல் வையுங்கள். சோதிக்கும் அளவுகள் 0.3, 1, 3, 10 மில்லிமோலார். 10 மில்லிமோலார் என்பது கரைசலின் ஊடுபரவல் அழுத்தத்தையே கொஞ்சம் உயர்த்தும் அளவு. அதனால் மருந்தில்லா ஒப்பீட்டு (கன்ட்ரோல்) வெல்லில் அதே 10 மில்லிமோலார் மேனிடால் சேர்க்க வேண்டும்.

பிரிக்வினார் சோடியம் (397.4): 4 மி.கி.யை 1 மி.லி. டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்தால் 10 மில்லிமோலார். 10 நானோமோலாரிலிருந்து 10 மைக்ரோமோலார் வரை மூன்று மடங்குப் படிகளாக. மைகோஃபினாலிக் அமிலம் (320.3): 3.2 மி.கி. ஒரு மி.லி. டிஎம்எஸ்ஓவில், 0.1 முதல் 10 மைக்ரோமோலார் வரை.

சாவிகள்: யூரிடின் 244 மி.கி. 10 மி.லி. நீரில், 100 மில்லிமோலார். மேனோஸ் 1.8 கிராம் 10 மி.லி. நீரில், 1 மோலார். குவானோசின் நீரில் சரியாகக் கரையாது, 28 மி.கி.யை 1 மி.லி. டிஎம்எஸ்ஓவில் கரையுங்கள். மூன்றையும் ஆயிரத்தில் ஒன்றாகச் சேர்த்தால் யூரிடினும் குவானோசினும் 100 மைக்ரோமோலார், மேனோஸ் 1 மில்லிமோலார். மருந்தும் குவானோசினும் ஒரே வெல்லில் சேரும்போது டிஎம்எஸ்ஓ 0.2 சதவீதம் ஆகிவிடுவதைக் கவனியுங்கள். அந்தப் பிளேட்டின் எல்லா வெல்லிலும் 0.2க்குச் சமன் செய்யுங்கள்.

நச்சு அளவு: எம்டிடியை நம்பாதீர்கள்

செல் உயிரோடிருக்கிறதா என்று பார்க்க எம்டிடி சாயச் சோதனையோ ஏடிபி ஒளிச்சோதனையோ போடுவது பழக்கம். வேறு மருந்துகளுக்கு அது சரி. இங்கே அது நேரடியாக வழிதவற வைக்கும். எம்டிடி ஊதா நிறமாவது செல்லின் வளர்சிதை மாற்றத்தால்தான்; ஏடிபி சோதனை அளப்பதும் அதையே. 2-டிஜி கொடுத்த வெல்லில் செல்கள் ஒன்றுகூட இறக்காமல் எண் பாதியாகக் குறையலாம். மருந்து தன் வேலையைச் செய்ததை நச்சு என்று தவறாகப் படித்து, பயனுள்ள அளவையே ஒதுக்கிவிடுவீர்கள்.

செய்ய வேண்டியது இது. 96 வெல் பிளேட்டில் வெல்லுக்கு 20,000 செல். மருந்தோடு 64 மணி நேரம், அதாவது வைரஸ் சோதனையில் செல் மருந்தோடு இருக்கும் முழு நேரம். முடிவில் ஹோக்ஸ்ட் 33342 சாயத்தை மி.லி.க்கு 1 மைக்ரோகிராம் சேர்த்து, 20 நிமிடம் கழித்து வெல்லுக்கு ஐந்து இடங்களில் படம் எடுத்து உட்கருக்களை எண்ணுங்கள். கூடவே, செல் உடைந்தால் மீடியத்தில் கசியும் எல்டிஹெச் என்சைமை அளந்துவிடுங்கள். மருந்து சேர்த்த நேரத்தில் ஒரு பிளேட்டை நிறுத்திச் சாயமேற்றி எண்ணி வைப்பது மிக முக்கியம். தொடக்க எண்ணிக்கை தெரிந்தால்தான் இரண்டு நிலைகளைப் பிரிக்க முடியும்: முடிவில் எண்ணிக்கை தொடக்கத்தைவிடக் குறைந்திருந்தால் செல் இறந்திருக்கிறது, தொடக்கத்துக்குச் சமமாக நின்று, கன்ட்ரோல் மட்டும் கூடியிருந்தால் செல் பெருக்கம் நின்றிருக்கிறது. பிரிக்வினாரும் மைகோஃபினாலிக் அமிலமும் பெரும்பாலும் இரண்டாவதையே செய்யும். நியூக்ளியோடைடு இல்லாமல் செல்லும் தன் டிஎன்ஏவை நகலெடுக்க முடியாதல்லவா?

ஓர வெல்களில் நீர் ஆவியாகும். அவற்றை வெறும் பிபிஎஸ் உப்புக்கரைசல் நிரப்பி விட்டுவிடுங்கள்.

இந்தப் பிளேட்டிலேயே இலவசமாக ஒரு சான்று கிடைக்கும். இரண்டாம் நாள் இன்குபேட்டரைத் திறந்து, பிளேட்டை வெள்ளைத் தாள்மேல் வைத்துப் பாருங்கள். மருந்தில்லாத வெல்லில், அமிலம் கூடினால் நிறம் மாறும் மீடியச் சாயமான ஃபீனால் ரெட் ஆரஞ்சுக்கும் மஞ்சளுக்கும் நகர்ந்திருக்கும். 10 மில்லிமோலார் 2-டிஜி வெல் சிவப்பாகவே நிற்கும். நடுவிலுள்ள அளவுகள் படிப்படியாக நிறம் மாறி நிற்கும். லாக்டிக் அமிலம் சுரப்பது குறைந்ததன் அடையாளம் இது. இதை லாக்டேட் கிட்டில் அளந்து எண்ணாக்கிக்கொள்ளுங்கள். செல் செத்துப்போன வெல்லும் சிவப்பாகத்தான் இருக்கும் என்பதால் உட்கரு எண்ணிக்கையோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

தொற்று ஏற்றுதல்

24 வெல் பிளேட் ஒன்று ஒரு மருந்தின் மீட்புச் சோதனைக்குக் கச்சிதமாகப் பொருந்தும். நான்கு நிலைகள்: மருந்தில்லை, சாவி மட்டும், மருந்து மட்டும், மருந்தும் சாவியும். ஒவ்வொன்றுக்கும் மூன்று வெல், ஆக 12 வெல்லுக்கு வைரஸ். மீதி 12 அதே நான்கு நிலைகள் வைரஸ் இல்லாமல். வைரஸ் இல்லாத பாதியை எப்போதும் முதலில் கையாளுங்கள். பாலிவிசுமாப் ஒப்பீட்டுக்கும் செல் எண்ணுவதற்கும் இன்னொரு பிளேட் ஒதுக்குங்கள்.

1. முதல் நாள் மாலை வெல்லுக்கு 2 லட்சம் ஏ549 செல்களை 0.5 மி.லி.யில் விதையுங்கள். குறைவாக விதைத்தால் கன்ட்ரோல் செல்கள் பெருகிக்கொண்டே போகும், பிரிக்வினார் வெல்லில் நின்றுவிடும். தொற்றும் நேரத்தில் இரண்டிலும் செல் எண்ணிக்கையே வேறாகிவிடும். நெருக்கமாக விதைப்பது இதைத் தவிர்க்கத்தான்.

2. இரண்டாம் நாள் மாலை, டயலிசிஸ் சீரம் 2 சதவீதம் கொண்ட குறைந்த குளுக்கோஸ் மீடியத்துக்கு மாற்றி, பிரிக்வினாரையோ மைகோஃபினாலிக் அமிலத்தையோ சேருங்கள். செல்லுக்குள் ஏற்கெனவே இருக்கும் நியூக்ளியோடைடு இருப்பு கரைய ஏறக்குறைய 16 மணி நேரம் கொடுக்க வேண்டும். 2-டிஜிக்கு இவ்வளவு முன்கூட்டிச் சேர்க்கத் தேவையில்லை. தொற்றுக்கு ஒரு மணி நேரம் முன் போதும். சாவியை மருந்தோடு ஒரே நேரத்தில் சேருங்கள்.

3. மூன்றாம் நாள் காலை, எண்ணுவதற்கென ஒதுக்கிய வெல்களில், மருந்துள்ளதில் மூன்று, இல்லாததில் மூன்று, டிரிப்சின் போட்டு எண்ணுங்கள். இரண்டுக்கும் 15 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் அந்தச் சோதனையை அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது.

4. வெல்லுக்கு 2.5 லட்சம் செல் இருப்பதாக வைத்துக்கொண்டால், எம்ஓஐ 0.1க்கு (பத்துச் செல்லுக்கு ஒரு தொற்றும் வைரஸ்) 25,000 பிஎஃப்யு (தொற்றும் வைரஸ் அலகு) வேண்டும். ஸ்டாக் மி.லி.க்கு 1 கோடி பிஎஃப்யு என்றால், எண்பதில் ஒன்றாக நீர்த்து வெல்லுக்கு 200 மைக்ரோலிட்டர். 12 வெல்லுக்கு 35 மைக்ரோலிட்டர் ஸ்டாக்கை மொத்தம் 2.8 மி.லி. ஆக்கினால் கொஞ்சம் மிச்சமும் இருக்கும். ஆர்எஸ்வி மிக எளிதில் செயலிழக்கும். ஸ்டாக்கை 37 டிகிரி நீரில் சட்டென உருக்கி, உடனே பனிக்கட்டியில் வைத்து, அரை மணிக்குள் பயன்படுத்துங்கள். ஒருமுறை உருக்கியதைத் திரும்ப உறைய வைத்தால் டைட்டர் (மி.லி.க்குத் தொற்றும் வைரஸ் அளவு) விழுந்துவிடும்.

5. 37 டிகிரியில் 2 மணி நேரம். 15 நிமிடத்துக்கு ஒருமுறை பிளேட்டை மெல்லச் சாய்த்தாட்டுங்கள். பிறகு இருமுறை பிபிஎஸ்ஸில் கழுவி, அதே மருந்தும் சாவியும் உள்ள புது மீடியம் 0.5 மி.லி. ஊற்றுங்கள். ஒட்டாமல் மிஞ்சிய வைரஸ் எவ்வளவு என்று அறிய, எண்ணும் பிளேட்டில் கூடுதலாகத் தொற்றிய ஒரு வெல்லை இந்த நேரத்திலேயே எடுத்து உறைய வையுங்கள்.

6. வைரஸ் சேர்த்த நேரத்திலிருந்து 48 மணி நேரம் கழித்து அறுவடை. மேல் திரவத்தை மட்டும் எடுப்பது ஆர்எஸ்வியில் பெருந்தவறு. உருவான வைரஸில் பெரும்பகுதி செல்லோடேயே ஒட்டிக்கொண்டிருக்கும். செல்லை அதே மீடியத்துக்குள் சுரண்டி, 30 விநாடி வோர்டெக்ஸ் செய்து, 1,000 ஜி வேகத்தில் 5 நிமிடம் சுழற்றி, தெளிந்த நீரைப் பங்கிட்டு, திரவ நைட்ரஜனில் உறைய வைத்து மைனஸ் 80க்கு மாற்றுங்கள்.

நுண்ணோக்கியில் செல் நாசத்தைப் பார்த்து மதிப்பெண் போடும் பழக்கத்தை இங்கே கைவிட வேண்டும். ஆர்எஸ்வி தொற்றிய செல்கள் எஃப் புரதத்தின் வழியாக ஒன்றோடொன்று இணைந்து பெரிய பல்கருச் செல்லாகும். 2-டிஜி எஃப் புரதத்தின் சர்க்கரைச் சங்கிலியைக் கெடுத்தால் இந்த இணைவு மட்டும் குறையக்கூடும். வெல் சுத்தமாகத் தெரியும். உள்ளே வைரஸ் ஆர்என்ஏ நிறைந்திருக்கும்.

டைட்டர் எடுப்பதும், கூடவே வரும் மருந்தும்

ஹெப்-2 செல்லில் பிளாக் (ஒரு வைரஸிலிருந்து பரவிய தொற்றுத் திட்டு) எண்ணுங்கள். (ஹெப்-2 குரல்வளைச் செல் என்று பட்டியலில் இருந்தாலும் அது உண்மையில் ஹீலா, ஆர்எஸ்விக்கு நன்றாக இடம் கொடுப்பதால் விடாமல் பயன்படுத்துகிறோம்.) பத்துப் பத்து மடங்காக நீர்த்து, 24 வெல்லில் 200 மைக்ரோலிட்டர், 2 மணி நேரம், பிறகு 1 சதவீத மெதில் செல்லுலோஸ் மேலடை. ஐந்தாறு நாளில் 80 சதவீதக் குளிர் மெத்தனாலில் நிலைப்படுத்தி, ஆர்எஸ்வி ஆன்டிபாடியால் நிறமேற்றி எண்ணலாம். பத்தாயிரத்தில் ஒன்று நீர்த்த வெல்லில் 34 பிளாக் இருந்தால், 34ஐ 0.2ஆல் வகுத்துப் பத்தாயிரத்தால் பெருக்க, மி.லி.க்கு 17 லட்சம் பிஎஃப்யு.

பிழை ஒளிந்திருப்பது தொடக்க நீர்த்தலில். அறுவடை நீரில் 1 மைக்ரோமோலார் பிரிக்வினார் இருக்கிறது. பத்தில் ஒன்றாக நீர்த்தாலும் 100 நானோமோலார். அது ஹெப்-2 செல்லின் டிஹெச்ஓடிஹெச்சையும் அடைக்கப் போதுமான அளவு. அங்கே பிளாக் உருவாகாமல் போவதைப் பார்த்து, ஏ549ல் வைரஸ் குறைந்தது என்று எழுதிவிடுவார்கள். ஆயிரத்தில் ஒன்றிலிருந்து மட்டும் எண்ணினால் மருந்து 1 நானோமோலாரோ அதற்குக் கீழோ போகும். ஆனால் டைட்டர் அவ்வளவு தாழ்ந்திருந்தால் எண்ணவே எதுவும் இருக்காது. எனவே பிரிக்வினார் சோதனையின் எல்லா வெல் மேலடையிலும், கன்ட்ரோல் உட்பட, 100 மைக்ரோமோலார் யூரிடின் கலந்துவிடுங்கள். மைகோஃபினாலிக் அமிலத்துக்குக் குவானோசின். 2-டிஜிக்கு மேனோஸும் 25 மில்லிமோலார் குளுக்கோஸும்.

இதோடு விடாமல், வைரஸ் இல்லாத மருந்து வெல்லின் மீடியத்தில் தெரிந்த அளவு ஆர்எஸ்வியைக் கலந்து டைட்டர் எடுங்கள். கலந்த அளவு அப்படியே திரும்பக் கிடைத்தால்தான் மற்ற எண்களை நம்பலாம். மருந்து வைரஸையே நேரடியாகக் கொல்கிறதா என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்.

வைரஸ் ஆர்என்ஏவையும் ஆர்டி-பிசிஆரில் அளவிடுங்கள். ஒப்பீட்டு மரபணுவாக ஜிஏபிடிஹெச் வேண்டாம்: அது கிளைக்காலிசிஸ் என்சைம், நீங்கள் கைவைத்த பாதையிலேயே இருக்கிறது. நியூக்ளியோடைடு வற்றிய செல்லில் எந்த ஆர்என்ஏவும் நிலையான அளவுகோல் ஆகாது. உட்கரு எண்ணிக்கைக்கோ திரவ அளவுக்கோ வகுத்துக் கொடுப்பதே நேர்மையான வழி.

மீட்பு: தீர்ப்பு சொல்லும் சோதனை

டைட்டர்களை மடக்கை அளவில், தனித்தனி நாட்களில் செய்த மூன்று சோதனைகளிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பிளேட்டின் மூன்று வெல்கள் ஒரே சோதனையாகவே கணக்கு.

பிரிக்வினார் டைட்டரை இரண்டு மடக்கை (நூறு மடங்கு) குறைத்து, யூரிடின் சேர்த்ததும் கன்ட்ரோல் அளவுக்கு அரை மடக்கைக்குள் திரும்பி வந்தால், வைரஸ் குறைந்தது பைரிமிடின் பஞ்சத்தால்தான். யூரிடினுக்குப் பதில் குவானோசின் கொடுத்தால் திரும்பக் கூடாது. திரும்பினால் கரைசல் மாறிவிட்டதா என்று பாருங்கள். யூரிடின் கொடுத்தும் பாதிதான் மீண்டது என்றால் அந்த அளவில் மருந்து வேறெதையோ தொடுகிறது. அளவைக் குறைத்துக்கொண்டே வந்து, முழுதும் மீளும் உச்ச அளவு எதுவோ அதற்கு மேல் கிடைத்த எண்களைக் கட்டுரையில் சேர்க்காதீர்கள்.

2-டிஜியில்தான் இந்தச் சோதனை சுவையாகிறது. 1 மில்லிமோலார் மேனோஸ் சேர்த்தால் சர்க்கரைச் சங்கிலி வேலை சீராகும், கிளைக்காலிசிஸ் தடை அப்படியே நிற்கும். லாக்டேட்டை அளந்தால் அது குறைந்தே இருப்பது தெரியும். இந்நிலையில் டைட்டர் மீண்டுவிட்டால், வைரஸைக் குறைத்தது ஆற்றல் பஞ்சம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. அப்போது வைரஸ் ஆர்என்ஏ பெரிதாகக் குறையாமல், தொற்றும் திறனுள்ள வைரஸ் மட்டும் குறைந்திருப்பதையும் காணலாம்: துகள் உருவாகிறது, அடுத்த செல்லுக்குள் போகத் திராணியில்லை. மேனோஸில் மீளாமல், குளுக்கோஸை 25 மில்லிமோலாருக்கு உயர்த்தினால் மட்டும் மீண்டால், கிளைக்காலிசிஸ் என்ற விளக்கம் வலுப்பெறும்.

இன்னொரு குறுக்குவழியும் உண்டு. டிஹெச்ஓடிஹெச்சை அடைத்த செல்லில் இன்டர்ஃபெரான் என்ற வைரஸ் எதிர்ப்புச் சைகைப் புரதத்தால் தூண்டப்படும் தற்காப்பு மரபணுக்கள் கூடுதலாக இயங்கத் தொடங்கும். வைரஸ் குறைந்தது பஞ்சத்தாலா, விழித்த தற்காப்பாலா? இன்டர்ஃபெரான் சுரக்க முடியாத வீரோ என்ற குரங்குச் சிறுநீரகச் செல்லில் ஒருமுறை செய்து பாருங்கள். ஏ549லேயே ருக்ஸோலிடினிப் சேர்த்து இன்டர்ஃபெரான் சைகையை அடைத்தும் பாருங்கள். யூரிடின் இரண்டு வழிகளையுமே மீட்டுவிடும் என்பதால் மீட்புச் சோதனையால் மட்டும் இதைப் பிரிக்க முடியாது.

செல் எண்ணிக்கையை எந்த மருந்தளவு பாதியாக்குகிறதோ அதை, வைரஸைப் பாதியாக்கும் அளவால் வகுத்தால் வரும் எண் பத்துக்குக் கீழே இருந்தால் அந்த மருந்தில் மேலும் நேரம் செலவிடாமல் அடுத்ததற்குப் போகலாம்.

பிளேட்டிலிருந்து மூச்சுக்குழாய்க்கு

ஏ549 புற்றுச் செல். சர்க்கரையை வெறித்தனமாக எரிப்பது அதன் இயல்பு. நன்கொடையாளரின் மூச்சுக்குழாய்ச் செல்லைக் காற்றும் நீரும் சந்திக்கும் சவ்வில் மூன்று நான்கு வாரம் முதிரவைத்து, சிலியா அசைவதைப் பார்த்தபின் அதில் சோதனையைத் திரும்பச் செய்யாமல் எந்த முடிவுக்கும் வர வேண்டாம். 6.5 மி.மீ. செருகலில் வைரஸை மேலிருந்து 100 மைக்ரோலிட்டரில் 2 மணி நேரம், மருந்தைக் கீழ் அறை மீடியத்தில். தினமும் மேற்பரப்பை 200 மைக்ரோலிட்டர் பிபிஎஸ்ஸில் கழுவி டைட்டர் எடுங்கள். சவ்வின் மின்தடையையும் அளந்துவாருங்கள். பெருகாத செல் என்பதால், பிளேட்டில் பளிச்சென்று இருந்த பிரிக்வினாரின் விளைவு இங்கே மங்கலாம்.

உயிருள்ள உடலில் தடை இன்னும் பெரியது. இரத்தத்தில் எப்போதும் சில மைக்ரோமோலார் யூரிடின் ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் சோதனைக்கென்று கொடுத்த சாவியை உடல் தானாகவே கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதனால் கீழ் அறை மீடியத்தில் 5 மைக்ரோமோலார் யூரிடின் சேர்த்து ஒரு வரிசை வையுங்கள். அதிலும் மருந்து நின்றால் மேலே போகத் தகுதியுண்டு. நிற்காவிட்டால் இரு வழி: யூரிடினை உள்ளே விடும் கடத்தியை டைபிரிடமோலால் அடைப்பது, அல்லது மோல்னுபிராவிர் போன்ற போலி நியூக்ளியோசைடோடு சேர்ப்பது. உண்மையான சிடிபி வற்றியிருக்கும்போது போலிக்கு இடம் எளிதாகக் கிடைக்கும். சார்ஸ்-கோவி-2 வைரஸில் இந்தச் சேர்க்கை எலிகளிலும் பலன் காட்டியது. ஒவ்வொரு மருந்தையும் ஆறு அளவுகளில் வைத்து 36 கட்டப் பலகையாகச் செய்தால் சேர்க்கையின் வலிமை தெரியும்.

எலிச் சோதனைக்குத் திட்டமிடும்போது நுரையீரல் டைட்டரோடு நிற்காதீர்கள். டிஹெச்ஓடிஹெச்சைத் தடுக்கும் லெஃப்ளூனமைடு முடக்குவாதத்துக்கும், மைகோஃபினாலேட் உறுப்பு மாற்றுக்கும் கொடுக்கப்படுவது நோயெதிர்ப்புச் செல்களின் பெருக்கத்தை அடக்குவதற்காக. வைரஸைத் துடைத்தெடுக்க வேண்டிய டி செல்லும் அதே நியூக்ளியோடைடை, அதே குளுக்கோஸை நம்பியே பெருகுகிறது. ஆகவே நான்காம் நாள் டைட்டர் குறைந்ததா என்பதோடு, பத்தாம் நாள் வைரஸ் முழுதும் நீங்கியதா, நான்காம் வாரம் ஆன்டிபாடி எவ்வளவு என்று மூன்றையும் அளக்க வேண்டும். மருந்தை எப்போது நிறுத்துவது என்பதையும் ஒரு தனி வரிசையாக வையுங்கள். மூன்று நாள் கொடுத்து நிறுத்துவது ஏழு நாளைவிட நல்ல பலன் தரக்கூடும்.

மனிதர்களில் கிடைத்த அனுபவம் கலவையானது. இந்தியாவில் டிஆர்டிஓவின் இன்மாஸ் ஆய்வகமும் ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸும் உருவாக்கிய 2-டிஜி பொடிக்கு, மிதமான, கடுமையான கோவிட் நோயாளிகளின் வழக்கமான சிகிச்சையோடு துணையாகக் கொடுக்க 2021 மே 1 அன்று அவசரகால அனுமதி கிடைத்தது. 220 பேரிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையில் தமிழ்நாட்டு மருத்துவமனைகளும் இருந்தன. கட்டுக்குள் வராத நீரிழிவு, கடும் இதய நோய் உள்ளவர்களிடம் அது ஆராயப்படவில்லை என்ற எச்சரிக்கை கூடவே வந்தது. குளுக்கோஸைப் போல நடிக்கும் பொருளுக்கு அந்த எச்சரிக்கை பொருத்தமானதே. செல்லில் நம்பிக்கை தந்த, இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் மருந்தான ஃபெனோஃபைப்ரேட், கோவிட் நோயாளிகள் 701 பேரிடம் நடந்த ஃபெர்மின் சோதனையில் பலன் காட்டவில்லை. மெட்ஃபார்மின் கோவிட்-அவுட் சோதனையில் முதன்மை இலக்கை எட்டவில்லை. பத்து மாதத் தொடர் கண்காணிப்பில் நீண்டகாலக் கோவிட் என்று கண்டறியப்பட்டவர்கள் போலி மாத்திரைப் பிரிவில் 10.4 சதவீதமாகவும் மெட்ஃபார்மின் பிரிவில் 6.3 சதவீதமாகவும் இருந்தனர். அந்த வேறுபாடு வைரஸ் குறைந்ததாலா, அழற்சி தணிந்ததாலா என்பதைப் பிரிக்க மூக்குச் சளியின் வைரஸ் அளவைத் தொடர்ந்து எடுத்தாக வேண்டும். ஆர்எஸ்விக்கு இத்தகைய சோதனை வடிவமைப்பவர்கள் முதல் நாளிலிருந்தே அந்த மாதிரிகளைத் திட்டத்தில் எழுதிவிடுங்கள். பிறகு சேர்க்க முடியாது.